எத்தனை தடவை?

எங்கள் ஆஸ்பத்திரியில் சீனியர் சிஸ்டர் ஒருவரிடம் மட்டும் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாத வார்த்தை ஒன்று இருந்தது. ட்ரை பண்ணேன். “லேபுக்கு ஃபோன் ட்ரை பண்ணேன் சிஸ்டர், எடுக்கல” என்று யாராவது சொன்னால், கையில் இருக்கும் வேலையை விடாமல், தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்பார்: “எத்தனை தடவை?”

ஒரு தடவை என்று பதில் வந்தால், “அப்ப ஒரு தடவை பண்ணேன்னு சொல்லு” என்பார். அந்தக் குரலில் கோபம் இருக்காது. அதுதான் எங்களுக்கு எரிச்சல். கோபப்பட்டாலாவது நாமும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம். இவரோ சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்கிறவர்போலக் கேட்பார். ஏசி ரிப்பேர்காரர் ஒருமுறை “நாளைக்கு வர ட்ரை பண்றேன் சிஸ்டர்” என்றபோது, “வர்றதுக்கு ட்ரை பண்ணுவீங்களா, வராம இருக்கறதுக்கா?” என்று கேட்டுவிட்டார். அந்த ஆள் சிரித்துக்கொண்டே போனார். வரவில்லை.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. இருபத்தைந்து படுக்கை, அதில் நான்கு ஐசியூ. நான் சேர்ந்தபோது அவர் அங்கே எட்டு வருஷம் பழசு. மற்றவர்களுக்கு சிஸ்டர், எனக்கு அக்கா. என்னைவிட மூன்று வயதுதான் பெரியவர். ஒல்லியான உடம்பு. கொண்டையில் செருகிய பேனாவை எப்போதும் சட்டைப்பையில் தேடுவார். ஆறாவது படிக்கும் ஒரு மகள். மகளைக் கூட்டிக்கொண்டு வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு இருந்த ஆசை. அதற்காகத்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து நர்ஸுகளுக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படித்தோம்.

“எதுக்குக்கா வெளிநாடு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இங்க நான் சொல்றதை யாரு எழுதிக்கறாங்க? டாக்டர் சொன்னதை நான் எழுதறேன். அங்க நர்ஸு சொல்றதையும் எழுதிக்குவாங்களாம்” என்றார்.

அவரோடு பழகுவது சுலபமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் மகனுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். என் மாமியார் பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்து எல்லாருக்கும் கொடுத்தார். மற்ற சிஸ்டர்கள் எல்லாம் “ட்ரை பண்றோம்மா” என்றார்கள். இவர் மட்டும் பத்திரிகையை முழுக்கப் படித்துவிட்டு, “அன்னைக்கு எனக்கு டூட்டிங்கம்மா, வர முடியாது” என்றார். மாமியாருக்கு முகம் தொங்கிவிட்டது. “வாயில நல்ல வார்த்தையே வராதா அந்தப் பொண்ணுக்கு?” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். காதுகுத்துக்கு மற்ற சிஸ்டர்களும் வரவில்லை. அவர்கள்மேல் மாமியாருக்கு வருத்தம் கிடையாது. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வராதவர்மேல் ஒரு வருஷம் வருத்தம் இருந்தது.

குழந்தைகளுக்கு ஊசி குத்தி ட்ரிப் ஏற்றும்போது நாங்கள் எல்லாரும் “வலிக்கவே வலிக்காதுடா செல்லம்” என்போம். அவர், “வலிக்கும். நான் ரெண்டு தடவை ட்ரை பண்ணுவேன். நரம்பு கிடைக்கலன்னா மூணாவது தடவை வேற சிஸ்டர் வருவாங்க, நான் வரமாட்டேன்” என்று சொல்வார். பெற்றவர்களிடமும் அதையேதான் சொல்வார். இரண்டாவது தடவையும் நரம்பு கிடைக்காமல் போனால் கையுறையைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிடுவார். அதில் அவருக்குக் கௌரவக் குறைச்சல் எதுவும் கிடையாது. அந்த வார்த்தைக்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. கணக்கு முடிந்தால் முடிந்தது என்று சொல்லிவிடுவார்.

அவருடைய தேர்வு நோட்டில் முதல் எட்டுப் பக்கம் ஒரே வினைச்சொல்தான். ட்ரை. செல்போனில் பாடம் நடத்திய சார், “ஒரு சொல்லுலயே இத்தனை நாள் உட்கார்ந்தா பரீட்சை எப்ப எழுதறது?” என்று அலுத்துக்கொண்டார். அக்கா காதில் வாங்கவில்லை.

காலை டூட்டி இல்லாத நாட்களில் நாங்கள் இருவரும் கிரிவலப் பாதையில் நடந்துகொண்டே பேசிப் பழகுவோம். ஒருவர் நர்ஸ், மற்றவர் நோயாளி. ரமணாசிரமம் பக்கத்திலிருந்து கிளம்பி அடி அண்ணாமலை வரைக்கும் போய்த் திரும்புவோம். சுரிதார் போட்ட இரண்டு பெண்கள் “குட் மார்னிங் மிஸ்டர் பீட்டர், வலி எப்படி இருக்கிறது” என்று ஆங்கிலத்தில் குசலம் விசாரித்துக்கொண்டு போனால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? வழியில் டீக்கடை வைத்திருந்தவர், “இன்னாம்மா, இன்னைக்கு யாருக்கு ஒடம்பு சரியில்ல?” என்று கேட்பார்.

அந்த நடையில்தான் எனக்கும் அந்த வினைச்சொல் புரிந்தது. ‘ட்ரை டு ஓப்பன் த விண்டோ’ என்றால் ஜன்னல் இறுகிக் கிடக்கிறது, திறப்பதற்கே பலம் வேண்டும். ‘ட்ரை ஓப்பனிங் த விண்டோ’ என்றால் ஜன்னல் சுலபமாகத் திறக்கும், திறந்தால் புழுக்கம் குறைகிறதா என்று பார். துணிக்கடையில் போட்டுப் பார்ப்பதும் ட்ரை. சாப்பாட்டில் ருசி பார்ப்பதும் அதுவே. ஒருவனைக் கோர்ட்டில் நிறுத்தி விசாரிப்பதற்கும் அதே சொல்தான்.

“கோர்ட்டுக்குமாக்கா?”

“ஆமா. அங்கயும் கடைசில ஒரு தீர்ப்பு வருதில்ல? போட்டுப் பார்த்தா அளவு சரியா இல்லையான்னு தெரிஞ்சுடுது. ட்ரைன்னா முடிவுன்னு ஒண்ணு இருக்கணும். நாமதான் முடிவே வரக்கூடாதுன்னு அந்த வார்த்தையைப் போடறோம்.”

இன்னொன்றும் சொன்னார். “இங்கிலீஷ்ல ஐ ட்ரைட்னு சொல்லி நிறுத்தினா நடக்கலன்னு அர்த்தம். தமிழ்ல ட்ரை பண்றேன்னா நடக்காதுன்னு அர்த்தம். அதையே முயற்சி பண்றேன்னு சொல்லிப் பாரு. பொய்யா சொல்ல வாய் கூசும். இங்கிலீஷ் வார்த்தையைப் போட்டுக்கிட்டா கூசாது.”

சிரித்தேன். அன்றைக்கு முழுக்க நான் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்து பார்த்தேன். மத்தியானத்துக்குள் ஏழெட்டு முறை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவர் பக்கத்தில் இருப்பது எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

இனி அந்தப் பௌர்ணமியைச் சொல்ல வேண்டும்.

அடி அண்ணாமலையிலிருந்து காலையில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அறுபது வயதுக்குள் இருக்கும். விவசாயம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வீட்டு வாசலில் தண்ணீர்ப் பாட்டிலும் சோடாவும் விற்பவர். கடை போட மேசையைத் தூக்கும்போது சாய்ந்துவிட்டார். மூளைக்குள் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. நினைவு இல்லை. மூச்சு மட்டும் தானாக ஓடிக்கொண்டிருந்தது. வெளியே பெஞ்சில் அவர் மனைவியும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டர் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தார். ஸ்கேனை அவருடைய ஃபோனுக்கு அனுப்பியிருந்தோம். மத்தியானம் மூன்று மணிக்கு அவர் கூப்பிட்டார். எடுத்தது நான்.

“சிஸ்டர், ஸ்கேன் பார்த்துட்டேன். சென்னையில பெரிய டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன். இனிமே பண்றதுக்கு ஒண்ணுமில்ல. ஊருக்கு வெளியவே என் வண்டியை நிறுத்திட்டாங்க, நான் வர ரெண்டு மணி நேரம் ஆகும். வந்து நானே சொல்லிக்கறேன். அதுவரைக்கும் ட்ரை பண்றோம்னு சொல்லி வைங்க. இப்பச் சொன்னா கத்துவாங்க.”

இது புதிது இல்லை. எல்லா ஆஸ்பத்திரியிலும் நடப்பதுதான். கெட்ட செய்தியை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் வரும்வரை நர்ஸ் ட்ரை பண்ணிக்கொண்டே இருப்பாள். நானும் போய் அந்த அம்மாவிடம் சொன்னேன்: “ட்ரை பண்ணிட்டிருக்கோம்மா.”

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “எம்மா, ஆவாதுன்னா சொல்லிடும்மா. எதுன்னாலும் எங்க ஊட்லதான் போவணும்னு சொல்லினே இருப்பாரு அந்த மனுஷன். எங்க ஊட்டுக்குப் போற வழி கிரிவலப் பாதை. ஜனம் ஜாஸ்தியாயிடுச்சின்னா வண்டி போவாதும்மா.”

“டாக்டர் வந்துடுவாரும்மா” என்று கையை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

உள்ளே அக்கா அந்த மனிதருக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன்.

“ஒண்ணுமில்லன்னு அவரே சொன்னாரா?”

“ஆமாக்கா.”

“அப்ப நாம எதை ட்ரை பண்றோம்?”

ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். கூட்டம் வர ஆரம்பித்திருந்தது.

அவர் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். பெஞ்சுக்கு எதிரே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். “அம்மா, தலைக்குள்ள ரத்தம் கொட்டிடுச்சு. இங்க செய்யறதுக்கு இனிமே எதுவும் இல்ல, டாக்டரும் அதைத்தான் சொன்னாரு. மூச்சு இருக்கு. எவ்ளோ நேரம் இருக்கும்னு எனக்குத் தெரியாது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்னா இப்பவே கிளம்புங்க.”

அந்த அம்மா கத்தவில்லை. எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “வண்டி சொல்றா” என்றார் மகனிடம்.

எங்கள் விருப்பத்தில் அழைத்துப் போகிறோம் என்று மகன் கையெழுத்துப் போட்டான். அக்கா ஆக்ஸிஜன் சிலிண்டரை ஆம்புலன்ஸில் ஏற்றிக் கட்டினார். ஏறும் முன் என்னைப் பார்த்து, “டாக்டருக்குச் சொல்லிடு, நான் அனுப்பறேன்னு சொல்லு” என்றார். ஆம்புலன்ஸோடு தெருமுனை வரைக்கும் போய், போலீஸிடம் பேசி வழி வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“சொன்னியா?”

“ட்ரை பண்ணேங்க்கா. பிசின்னு வருது.”

“எத்தனை தடவை?”

“ஒண்ணு.”

“இன்னொரு தடவை பண்ணு” என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். நான் பண்ணவில்லை. மறந்தேன் என்று சொல்ல முடியாது. அந்த லைன் பிசியாக இருந்ததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

கிரிவலக் கூட்டம் ஆம்புலன்ஸுக்கு விலகி விலகி வழிவிட்டது என்று டிரைவர் வந்து சொன்னார். வீட்டு நடுக்கூடத்தில் படுக்க வைத்தார்களாம். அந்த அம்மா ஒரு கரண்டிப் பால் விட்டாராம். விளக்கு வைப்பதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

டாக்டர் வந்து காலிப் படுக்கையைப் பார்த்தார். யாரைக் கேட்டு அனுப்பினீர்கள் என்று கத்தினார். அதோடு முடிந்திருக்கும். இரண்டு நாள் கழித்து இறந்தவருடைய அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து வந்து ரிசப்ஷனில் நின்று, “உயிரோட இருந்த ஆளை ஒரு நர்ஸு எப்படி அனுப்பலாம்?” என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டே கேட்டார். அந்த அம்மாவும் மகனும் அவரோடு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் ஒருவரைக் கைகாட்ட வேண்டும்.

மேனேஜர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டரும் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதில் எங்கள் இருவரின் அனுபவச் சான்றிதழ்களும் கையெழுத்துக்குக் காத்திருந்தன. அது இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பமே போட முடியாது. மேலே என்னுடையது இருந்தது. என் பெயரைத் தலைகீழாகப் படிக்க முடிந்தது.

“அன்னைக்கு டாக்டர் ஃபோன்ல என்ன சொன்னாரு?” என்று மேனேஜர் கேட்டார்.

டாக்டர் தன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஃபோனில் அவர் பேசியதைக் கேட்ட ஒரே ஆள் நான். நான் ஒரு வரி உண்மை சொன்னால் அக்காவுக்கு ஒன்றும் ஆகாது. அது எனக்குத் தெரியும், டாக்டருக்கும் தெரியும்.

“தொடர்ந்து பார்க்கச் சொன்னாரு சார். வந்துட்டே இருக்கேன்னு சொன்னாரு.”

“செய்யறதுக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னாரா?”

“அப்படி எதுவும் சொல்லல சார்.”

இரண்டாம் முறை யாரும் கேட்கவில்லை. இவ்வளவுதான் நடந்தது. யாரும் என்னை மிரட்டவில்லை.

அக்காவை வேலையை விட்டு அனுப்பினார்கள். சான்றிதழ் தரவில்லை. என்னுடையதில் அந்த வாரமே கையெழுத்து விழுந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அந்த அம்மா ஒரு பை நிறைய வேர்க்கடலை எடுத்துக்கொண்டு ஐசியூ வாசலுக்கு வந்தார். “அந்த சிஸ்டர் எங்கம்மா? எங்க நெலத்துக் கடலை. அவங்க கையில குடுக்கணும்” என்றார். லீவில் இருக்கிறார் என்று சொல்லிப் பையை வாங்கி வைத்துக்கொண்டேன். கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். அவர் வீடு எனக்குத் தெரியாததா? வீட்டுக்கு எடுத்துப் போய் அவித்தேன். என் மாமியார்கூட, “கடலை நல்லா இருக்குது, எங்க வாங்கின?” என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்.

அடுத்த மாதம் சென்னையில் தேர்வு. பேச்சுத் தேர்வில் ஒரு அட்டை கொடுப்பார்கள். அதில் இருக்கும் நிலைமைக்குத் தக்கபடி பேச வேண்டும். எனக்கு வந்த அட்டையில், அப்பா ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார், மகன் பதற்றமாக இருக்கிறான், ஆறுதல் சொல்லுங்கள் என்று இருந்தது. ‘வி ஆர் ட்ரையிங் அவர் பெஸ்ட்’ என்று ஆரம்பித்துத் தடங்கலே இல்லாமல் பேசினேன். நல்ல மதிப்பெண். அந்த வினைச்சொல்லை நான் எங்குமே தப்பாகப் பயன்படுத்தவில்லை.

இப்போது நான் வேலை பார்க்கும் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில், முடியாத நிலைமை என்றால் குடும்பத்தை ஒரு தனி அறையில் உட்கார வைத்து நேராகச் சொல்லிவிடுகிறார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா என்று கேட்கிறார்கள். அந்த இடத்தில் நர்ஸ் சொல்வதைத் தேதி நேரம் போட்டு எழுதிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போடும்போது எனக்குத் தோன்றும், இது அக்காவுடைய நாற்காலி என்று. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.

போன வருஷம் லீவில் வந்தபோது செங்கம் ரோட்டில் அவரைப் பார்த்தேன். வயதான ஒரு வெள்ளைக்கார அம்மாவைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனார். வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் வேலையாக இருக்க வேண்டும். கொண்டையில் பேனா இருந்தது. என் ஆட்டோ அவர்களுக்காக வேகத்தைக் குறைத்தது. நான் செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். பழைய ஆஸ்பத்திரிச் சிநேகிதி ஒருத்தி, “அக்காவைப் பார்த்தியா?” என்று கேட்டபோது, “பார்க்க ட்ரை பண்ணேன்” என்றேன். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. உலகத்தில் யாருமே மேற்கொண்டு கேட்பதில்லை.

ஒரே ஒரு விஷயம் பாக்கி. அன்றைக்கு மேனேஜர் அறையிலிருந்து நான் வெளியே வந்தபோது அக்கா வண்டி நிறுத்தும் இடத்தில், தன் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எனக்காகத்தான் காத்திருந்தார்.

“ஃபோன்ல சொன்னதைக் கேட்டாங்களா?”

“கேட்டாங்கக்கா.”

“சொன்னியா?”

“ட்ரை பண்ணேங்க்கா.”

என் முகத்தைப் பார்த்தார். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். இரண்டு தடவை என்று பதிலைக்கூட வாய்க்குள் தயாராக வைத்திருந்தேன்.

அவர் கேட்கவில்லை. சாப்பாட்டு டப்பாவை வண்டியில் மாட்டினார். “தலை கலைஞ்சிருக்கு பாரு, சீவிக்கிட்டு டூட்டிக்குப் போ” என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.